மட்டாஞ்சேரிப் பள்ளியில் ஏழு நாட்கள்

மட்டாஞ்சேரிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம், "பள்ளீல் போணில்லே சேச்சீ?" என்று அன்போடு விசாரித்தார். என் மனைவியும் அதே அன்போடு, "பையனுக்கு நாலு வயசுதான் ஆகுது. அடுத்த ஜூனில்தான் சேர்க்கணும்" என்று பதில் சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மா திருப்பலிக்குப் புறப்பட்டு நின்றார் என்பது பிறகுதான் புரிந்தது.

மலையாளத்தில் பள்ளி என்றால் வழிபாட்டிடம். கிறிஸ்தவரின் கோயிலும் பள்ளி, முஸ்லிம்களின் மசூதியும் பள்ளி, 1568இல் கட்டப்பட்ட யூதர்களின் ஜெபக்கூடமும் ஜூதப்பள்ளிதான். நம் தமிழிலும் பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர் இருந்தது. பள்ளிவாசல் என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அதைப் பாடம் படிக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் தொழுமிடத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பள்ளியில் வாரம் முழுதும் என்னதான் நடக்கிறது, அங்கே நம்மவர்களுக்கு என்ன இடம் என்று சங்கக் கூட்டங்களில் பலர் கேட்பதுண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டுமல்ல, வாடகைக்கு வீடு எடுத்து ஒரு பங்கின் நடுவே வசிக்கும் இந்து, முஸ்லிம் அன்பர்களும் கேட்கிறார்கள். ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் காலம் கழித்த எனக்கு இறையியல் தெரியாது. ஒரு அமைப்பு எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. அந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்: 'இடவக'. நம் ஊரில் பங்கு என்கிறோமே, அதுதான். இந்தச் சொல்லை நான் 2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கொட்டும் மழையில் கற்றுக்கொண்டேன்.

என் தாயார் அப்போது எங்களோடு இருந்தார். ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு மருத்துவமனையில் காலமானார். தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அந்த மழையில் வழியில்லை. இங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று காலையில் ஒரு பள்ளியின் அலுவலகத்துக்குப் போனேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஏது இடவகயா?" என்பது. நான் விழித்தேன். ஏழு வருடமாக ஞாயிறு தவறாமல் பூசை கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் இந்தக் கோயில், மறு வாரம் வேறு கோயில். டியூட்டி எப்படி அமைகிறதோ அப்படி. எந்தப் பங்கின் ஏட்டிலும் எங்கள் பெயர் இல்லை.

ஊர்ப் பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் தியானத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே நண்பகல் கழிந்தது. என் தாயார் குளிர்பெட்டியில் இருக்க, அவர் எந்த ஊர்க் கிறிஸ்தவர் என்று நான் நிரூபித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் தெருக்காரர்கள் இருவர், அதுவரை வணக்கம் சொல்லும் அளவுக்கே பழக்கம், அடுத்த பங்கின் அச்சனிடம் பேசி மாலை ஐந்து மணிக்கு அடக்கத்துக்கு வழி செய்தார்கள். நால்வர் சுமக்க, எட்டுப் பேர் ஜெபம் சொல்ல, அவர்களே வந்தார்கள். இருவரும் வின்சென்ட் தே பவுல் சபையினர் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி இன்னும் இருக்கிறது. மறுபாதிக்குக் காரணம் விளங்கிவிட்டது. இது கடலும் காயலும் சூழ்ந்த மண். சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆகவே இங்கு பல கல்லறைத் தோட்டங்களில் கான்கிரீட் அறைகளாகக் கட்டி, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எலும்புகளை எடுத்து அஸ்திக்குழியில் சேர்த்து, அதே அறையை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். இடம் இவ்வளவு நெருக்கடியாக இருக்கும்போது கணக்குப் பார்க்காமல் முடியாது. யார் நம் பங்கு, யார் வெளிப்பங்கு என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியிருந்தாலோ, எண்ணம் இல்லாமலே ஐந்து வருடம் முழுதாகக் குடியிருந்தாலோ, நாம் அந்தப் பங்கைச் சேர்ந்தவர் ஆகிவிடுகிறோம். மூன்று மாதம் தங்கினாலே ஒருவகை உரிமை வந்துவிடுகிறது. ஆக, சட்டப்படி என் தாயார் அந்தப் பங்கின் பிள்ளை. ஏட்டுப்படி இல்லை. வேலை செய்தும் மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத கேங்மேன் கதைதான். சட்டம் அவன் பக்கம் இருக்கும், சம்பள நாளில் பணம் இருக்காது.

ஆகவே புதிதாக வரும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சில விவரங்கள். கேரளத்தில் கத்தோலிக்கர் மூன்று வழிபாட்டு முறைகளில் இருக்கிறார்கள்: லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா. நம் ஊர்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் லத்தீன் முறையினர். அருகில் இருக்கிறதே என்று சீரோ மலபார் பள்ளிக்குப் பூசைக்குப் போகலாம், தடையில்லை. ஆனால் ஏட்டில் பெயர் எழுத வேண்டியது அந்த எல்லைக்குரிய லத்தீன் பங்கில். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதி கொச்சி மறைமாவட்டத்தில் சேரும். காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளம் வராப்புழை உயர்மறைமாவட்டம். பாலத்தைக் கடந்து வீடு மாற்றினால் மறைமாவட்டமே மாறுகிறது.

இன்னொன்று ஞானஸ்நானச் சான்றிதழ். பலர் பெற்றோர் வாங்கி வைத்ததை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திருமணத்துக்கு அது உதவாது. காரணம், ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போய், அங்கே அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் குறிப்பு எழுதப்படுகிறது. சமீபத்தில் எடுத்த சான்றிதழில்தான் அந்த ஓரக்குறிப்பு உண்டா இல்லையா என்று தெரியும். அதனால்தான் ஆறு மாதத்துக்குள் வாங்கியதைக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இப்படி ஒரு ஏற்பாட்டைக் கையெழுத்துப் புத்தகங்களை வைத்து நடத்தியவர்களை எனக்குப் பிடிக்கிறது.

இனி வாரம். காலை ஆறு மணியை ஒட்டித் தினப்பூசை. கப்யார் மணியடிப்பார். நம் ஊரில் கோயில்பிள்ளை என்போமே, அவர்தான். பள்ளியின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பாளருக்குக் கைக்காரன் என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டு நம்மவர்கள் வேறு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது, மரியாதையான பதவி. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நொவேனா. அவர் 1231 ஜூன் 13, வெள்ளியன்று இறந்து, செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டவர் என்பதால் அந்தக் கிழமை. அக்கரையில் கலூர் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்தோறும் கூடும் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. புதனில் சகாய மாதா நொவேனா, வெள்ளியில் பாடுகளின் நினைவு, சனியில் மாதா வணக்கம் என்று பெரும்பாலான லத்தீன் பள்ளிகளில் ஒரே ஒழுங்குதான்.

ஞாயிறுக்கு வருவோம். பூசை முடிந்ததும் வேதபாட வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, தேர்வு, ஆண்டு விழா என்று ஒரு முழுப் பள்ளிக்கூடமே நடக்கிறது. இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம். பிள்ளைகள் ஜெபங்களை மலையாளத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் பாட்டி தமிழில் ஜெபமாலை தொடங்கினால் பேரன் மலையாளத்தில் முடிக்கிறான். என் வீட்டில் இது பல வருடம் நடந்தது. என் தாயாருக்கு அது குறையாகவே இருந்தது. "சாமிக்குப் புரியும், எனக்குத்தான் புரியல" என்பார்.

முன்பு இந்தப் பிரச்சினை இல்லை. பூசை எல்லா ஊரிலும் லத்தீனில் நடந்தது. தூத்துக்குடிக்காரருக்கும் கொச்சிக்காரருக்கும் சமமாகப் புரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. ஊரிலேயே இருப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கோ, எங்கும் ஒன்றாக இருந்த பூசை அன்றிலிருந்து அயல்மொழிப் பூசை ஆயிற்று. இந்தக் கோணத்தில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

அதே கொச்சிதான் 1579 நவம்பரில் தமிழில் ஒரு வேதபாடப் புத்தகத்தை அச்சிட்டது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 'கிரீசித்தியானி வணக்கம்' என்பது அதன் பெயர். இயேசு சபைக் குரு என்றிக் என்றீக்கசுவின் முயற்சி. முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறு நூல். இது அதைவிடப் பெரியது. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக இவை தேவைப்பட்டன. 1530களில் அவர்களுடைய தலைவர்கள் இந்தக் கொச்சிக்கு வந்துதான் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1557இல் கொச்சி மறைமாவட்டம் உருவானபோது முத்துக்குளித்துறையும் அதன் ஆளுகையில் இருந்தது. என் தாயாரின் ஊர் ஒருகாலத்தில் இந்த மறைமாவட்டம்தான். அந்த ஆடி மாதத்தில் அலுவலகத்தில் இதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துச் சிரிப்பேன்.

இங்குள்ள லத்தீன் கிறிஸ்தவர்களின் சவிட்டு நாடகத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவற விடாதீர்கள். மேடைப் பலகை அதிர மிதித்து ஆடும் கூத்து. சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் இந்தக் கலையின் முன்னோடி ஆசிரியராகச் சொல்லப்படுகிறார். பழைய நாடகங்களின் பாட்டிலும் வசனத்திலும் தமிழ் நிறைய இருக்கும். ஆசிரியருக்கு இன்றும் அண்ணாவி, ஆசான் என்றே பெயர். பள்ளித் திருநாளில் ஆடுபவர்கள் தமிழ் அறியாத மலையாளிகள். அந்தச் சொற்களை அவர்கள் வாயில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வார நாட்களில் மாலையில் நடப்பதுதான் பங்கின் உண்மையான உயிர். முப்பது நாற்பது வீடுகளைச் சேர்த்து ஒரு குடும்ப யூனிட். தமிழகத்தில் அன்பியம் என்கிறார்களே, அதே அமைப்பு. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். ஜெபம், வேதவாசிப்பு, கட்டஞ்சாயா. பிறகு வருவது முக்கியம்: யார் வீட்டில் நோய், எந்தப் பையனுக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை, எந்தக் கிழவர் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்ற பேச்சு. வம்பும் கலந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வம்பு வழியாகவே பல வீடுகளுக்கு அரிசி போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் யூனிட்டில் பெண்கள் முறை வைத்து வாழையிலையில் பொதிச்சோறு கட்டி நோயாளிகளுக்குத் துணையிருப்போருக்கு அனுப்புவதுண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு பொதி, அவ்வளவுதான். அந்தப் பொதியில் யார் பெயரும் எழுதுவதில்லை. கடல் ஏறும்போது செல்லானம் கடற்கரைக்கு அரிசி, பாய், துணி எல்லாம் யூனிட் யூனிட்டாகத்தான் சேரும். அங்கே இப்போது ஏழு கிலோமீட்டர் அளவுக்கு டெட்ராபாட் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நான்கு கால் கொண்ட அந்தக் கான்கிரீட் கட்டிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அலையின் வேகத்தை உடைக்கும் அழகைப் பார்க்கவே ஒருமுறை போய் வந்தேன்.

என் தாயாரைச் சுமந்தவர்களின் வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத் தொடங்கியது குருவானவர் அல்ல. 1833இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயதுச் சட்ட மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கினார்கள். 1997இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். பங்குதோறும் ஒரு கிளை. வாரந்தோறும் கூட்டம். ஜெபம், சென்ற வாரக் குறிப்பு, வீடு சந்தித்த அறிக்கை, அடுத்த வார வேலைப் பங்கீடு. எங்கள் பிரிவில் திங்கட்கிழமை காலை நடக்கும் கூட்டத்தைப் போலவே இருந்தது முதல் நாள் போனபோது.

இரண்டு நடைமுறைகள் என்னைக் கவர்ந்தன. ஒன்று, ரகசியப்பை. கூட்டத்தின் முடிவில் ஒரு துணிப்பை கைக்குக் கை போகும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். ஆயிரம் ரூபாய் போட்டவரும் ஒன்றும் போடாதவரும் வெளியே ஒரே மாதிரி தெரிவார்கள். போடாதவர் அடுத்த வாரம் வெட்கமில்லாமல் வரலாம். அந்த வாரம் அவர் வீட்டுக்கே உதவி தேவைப்பட்டிருக்கலாம் அல்லவா? மற்றொன்று, வீடு சந்திக்கத் தனியே போவதில்லை, இருவர் இருவராகப் போவது. பணத்துக்கு ஒரு சாட்சி, மனத்துக்கு ஒரு துணை. கொடுப்பதும் மதம் பார்த்து அல்ல. எங்கள் கிளை பார்த்துவரும் வீடுகளில் சலவைத் தொழில் செய்யும் ஒரு தமிழ் இந்துக் குடும்பமும், பஜாரில் சுமை தூக்கி முதுகு போன ஒரு முஸ்லிம் பெரியவரும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கம் மரியாயின் சேனை. 1921இல் அயர்லாந்தின் டப்ளினில் பிராங்க் டஃப் என்பவர் தொடங்கியது. அவர்களும் வாரக் கூட்டம், இருவராகச் சந்திப்பு என்றே நடக்கிறார்கள். ஆனால் பொருளுதவி செய்யக் கூடாது என்பது அவர்கள் விதி. உட்கார்ந்து பேசுவார்கள், ஜெபிப்பார்கள், எழுந்து வருவார்கள். வெறுங்கையோடு போய் என்ன பயன் என்று முதலில் எனக்குத் தோன்றியது. மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கும் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "நிங்ஙள் வந்நால் கவர். அவர் வந்நால் வர்த்தமானம்." நாங்கள் வந்தால் உறையில் பணம், அவர்கள் வந்தால் பேச்சு என்று அர்த்தம். அன்றிலிருந்து உறையைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்து வருவதை நிறுத்திக்கொண்டேன்.

கத்தோலிக்கர் அல்லாத பள்ளிகளையும் குறிப்பிடாமல் விட முடியாது. மட்டாஞ்சேரி என்றாலே கேரளக் கிறிஸ்தவர்களுக்குக் கூனன் குரிசு நினைவுக்கு வரும். 1652இல் அகதல்லா என்ற கீழைநாட்டு ஆயர் நம் மயிலாப்பூரில் போர்த்துகீசியரால் தடுத்து வைக்கப்பட்டார். தோமையார் கல்லறைக்குப் போயிருந்த மலையாள நஸ்ராணிகள் அவரைச் சந்தித்துச் செய்தி கொண்டுவந்தார்கள். அவரைக் கப்பலில் கோவாவுக்குக் கொண்டுபோனபோது கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. கொதித்தெழுந்த மக்கள் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடி, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சிலுவையைத் தொட்டு உறுதியெடுத்தார்கள். எல்லோருக்கும் கை எட்டாததால் கயிறு கட்டிப் பிடித்தார்கள், அதில் சிலுவை சாய்ந்தது, அதனால் கூனன் குரிசு என்பது செவிவழிக் கதை. அந்தப் பெயரில் ஆர்த்தடாக்ஸ் சபையின் பள்ளி இன்றும் இங்கே இருக்கிறது.

அன்று இரண்டான சமூகம் பின்னால் பலவாயிற்று. அதில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா என்ற இரு பிரிவுகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதையொட்டி, இறந்தவர்களை எந்தக் கல்லறையில் யார் அடக்கம் செய்வது என்ற தகராறு முற்றி, தங்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமையைப் பாதுகாக்கக் கேரள அரசு 2020இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்கு 2003இன் மழைதான் காதில் கேட்டது.

நெல்லை, நாசரேத் பக்கத்திலிருந்து வரும் சி.எஸ்.ஐ. அன்பர்கள் ஃபோர்ட் கொச்சி செயின்ட் பிரான்சிஸ் பள்ளியை அறிந்திருப்பீர்கள். 1503இல் மரத்தால் எழும்பி, பின்பு கல்லால் கட்டப்பட்டது. வாஸ்கோ ட காமாவை 1524இல் அடக்கம் செய்த இடம். அவரது எச்சங்களைப் பிறகு போர்ச்சுக்கலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும் அது காட்சிக்கூடம் ஆகிவிடவில்லை, ஞாயிறு காலை ஆராதனை நடக்கிறது. உள்ளே தொங்கும் துணி விசிறிகளைப் பாருங்கள். கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது. வெளியே வெயிலில் ஒருவன் நின்று இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று. அந்தக் கயிற்றுக்காரனின் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்குமா என்று நினைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றதுண்டு.

அடக்கம் முடிந்த மறு ஞாயிறே பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிவு செய்தேன். அச்சன் பெரிய ஏட்டைத் திறந்து என் பெயர், மனைவி, பையன் என்று எழுதிவிட்டு, இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார். என் தாயாரின் பெயரைச் சொன்னேன். இறந்தவர் பெயரை அந்த ஏட்டில் எழுத முடியாது, அதற்கு வேறு ஏடு என்றார். அதை எடுத்துக் காட்டினார். அடக்கம் செய்த பங்கிலிருந்து தகவல் வரவழைத்து, பென்சிலால் சின்னதாகக் குறித்து வைத்திருந்தார். பேனாவால் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதினார்.